ஒரே நூலகம், இரண்டு முயற்சிகள்: ஃபிளிக்கர் படங்களும் ட்விட்டர் காப்பகமும்

புதிய தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகங்களையும் நூலகங்கள் எவ்வாறு ஏற்கலாம் என்று பேசத் தொடங்கினால், எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, எந்த மென்பொருளை வாங்குவது என்ற இரண்டு கேள்விகளிலேயே பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தளம் திறந்த பிறகு நூலகத்துக்குள் வேலை எப்படி மாறுகிறது, வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை யார் கைக்குப் போகின்றன, அவை பட்டியலுக்குள் எந்த வழியாக நுழைகின்றன என்ற கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஒரு தொழில்நுட்பம் நூலகத்தில் நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தது என்பதே என் கருத்து. அதை விளக்க, அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் மேற்கொண்ட இரண்டு முயற்சிகளை எடுத்துக்கொள்கிறேன். 2008 ஜனவரியில் அது, புகைப்படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் தன் பழைய புகைப்படங்களை வெளியிட்டது. 2010 ஏப்ரலில் ட்விட்டரின் பொதுப் பதிவுகள் அனைத்தையும் காப்பகமாகப் பெற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தில், ஒரே தலைமையின் கீழ், சுமார் 27 மாத இடைவெளியில் தொடங்கியவை. ஆகவே நிதிநிலை, நிறுவனப் பண்பாடு, சட்டச் சூழல் போன்ற வேறுபாடுகளைக் காரணம் காட்டாமல் இவற்றை ஒப்பிட முடிகிறது.

பின்னணி

வாஷிங்டனில் 1800-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்த நூலகத்தின் அச்சுப்படம் மற்றும் புகைப்படப் பிரிவில், 2008-ஆம் ஆண்டளவில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அவற்றில் பல லட்சம் படங்கள் எண்ணிமப்படுத்தப்பட்டு, நூலகத்தின் சொந்த இணையப் பட்டியலில் எவரும் பார்க்கும்படி முன்பே வைக்கப்பட்டிருந்தன. ஆக, படங்களைத் திறந்துவிடாத நூலகம் ஒன்று புதிதாகத் திறந்துவிட்ட கதை அன்று இது. திறந்திருந்தும், அந்தப் பட்டியலைத் தேடி வரத் தெரிந்தவர்கள் மட்டுமே அவற்றைக் கண்டார்கள் என்பதுதான் சிக்கல். பழைய படங்களில் ஆர்வம் உள்ள பல்லாயிரம் பேர் அக்காலத்தில் ஃபிளிக்கரில் கூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தேசிய நூலகத்தின் தேடல் பெட்டிக்குள் சென்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் தோன்ற எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு குறையும் இருந்தது. ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் என்பவர் 1898-இல் நியூயார்க்கில் தொடங்கிய செய்திப்பட நிறுவனத்தின் சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்களை இந்நூலகம் 1948-இல் வாங்கியது. ஒவ்வொரு கண்ணாடியின் மீதும் செய்தி நிறுவன ஊழியர் அவசரத்தில் கிறுக்கிய சில சொற்களே அந்தப் படத்துக்கான விவரம். பலவற்றில் ஒருவரின் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். ஆண்டு இருக்காது, இடம் இருக்காது, இருக்கும் பெயரும் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம். பட்டியலாக்குநர்கள் அந்தச் சொற்களையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, அவை சரிபார்க்கப்படாதவை என்ற குறிப்பையும் சேர்த்திருந்தார்கள். அது நேர்மையான குறிப்பு. ஆனால் 40,000 படங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து சரிபார்க்கும் அளவுக்கு எந்த நூலகத்திலும் ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

முதல் முயற்சி: ஃபிளிக்கர்

2008 ஜனவரி 16 அன்று சுமார் 3,100 படங்களோடு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அவற்றில் ஏறத்தாழ 1,500 படங்கள் பெய்ன் தொகுப்பைச் சேர்ந்தவை. மற்ற 1,600 படங்கள், 1939 முதல் 1944 வரை அமெரிக்க அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகவும் போர்த் தகவல் அலுவலகத்துக்காகவும் எடுக்கப்பட்ட வண்ணப்படங்கள். அந்த அரசுத் திட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. அதே காலத்தில் வண்ணத்திலும் எடுத்திருந்தார்கள் என்பதை வெகு சிலரே அறிந்திருந்தார்கள். ஒரு தொகுப்பு பார்த்தவுடன் வியக்க வைப்பது, மற்றொன்று விவரம் குறைந்து உதவி தேடி நிற்பது என்ற இந்தத் தேர்வே நல்ல திட்டமிடலைக் காட்டுகிறது. முதல் தொகுப்பு மக்களை அழைத்து வந்தது, இரண்டாவது அவர்களுக்குச் செய்ய வேலை கொடுத்தது.

தொடங்கும் முன்பே நூலகம் தன் நோக்கங்களை மூன்றாக எழுதி வைத்திருந்தது. தன் இணையதளத்துக்கு வராதவர்களிடம் படங்களைக் கொண்டுசெல்வது முதலாவது. படத்தின் கீழ் மக்கள் இடும் குறிச்சொற்களும் (படத்தைத் தேட உதவும் தனிச் சொற்கள்) பின்னூட்டங்களும் நூலகத்துக்கும் வாசகருக்கும் எந்த அளவுக்குப் பயன்படும் என்று அறிவது இரண்டாவது. இணையச் சமூகங்களில் பங்கேற்பது எப்படி என்று ஊழியர்கள் பழகிக்கொள்வது மூன்றாவது. இவற்றில் எதுவுமே பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் குறித்ததன்று. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோக்கத்தை அறிதலாக வைத்தவர்களால்தான் பிறகு முடிவை அளந்து பார்க்க முடிந்தது.

சட்டத் தரப்பில் இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அரசு நிறுவனம் என்பதால், தனிநபருக்காக எழுதப்பட்ட பயனர் ஒப்பந்தத்தை அப்படியே ஏற்க இயலாது. ஆகவே ஃபிளிக்கரின் அன்றைய உரிமையாளரான யாஹூவோடு தனியே பேசி உடன்பாடு காண வேண்டியிருந்தது. அடுத்தது பதிப்புரிமை. ஃபிளிக்கர் அன்று வைத்திருந்த உரிமக் குறிப்புகள் அனைத்தும், படத்தை ஏற்றுபவரே அதன் உரிமையாளர் என்ற அனுமானத்தில் அமைந்தவை. நூலகமோ அந்தப் படங்களின் காப்பாளர் மட்டுமே. ‘அறியப்பட்ட பதிப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை’ என்ற புதிய குறிப்பு இதற்காகவே உருவாக்கப்பட்டது. அதைச் சுற்றி ‘தி காமன்ஸ்’ என்ற பொதுப்பகுதி ஃபிளிக்கரில் அமைந்தது. சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகம், ப்ரூக்ளின் அருங்காட்சியகம், ஸ்மித்சோனியன், பிரான்சின் துலூஸ் நூலகம் போன்றவை அந்த ஆண்டிலேயே இணைந்தன. ஒரு நூலகம் தனக்குப் பொருந்தாத தளத்தில் தன்னை மடக்கித் திணித்துக்கொள்ளாமல், தனக்குத் தேவையானதைக் கேட்டுப் பெற்றது. அது பிறருக்கும் வழியானது.

தொடங்கிய முதல் 24 மணி நேரத்திலேயே பார்வைகள் 11 லட்சத்தைத் தொட்டன. அதன் பின்னர் வாரந்தோறும் சுமார் 50 பெய்ன் படங்கள் புதிதாக ஏற்றப்பட்டன. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம், அதற்கான நிரலும் இருந்தது. ஆனால் 50 படங்களே ஒரு வாரத்தில் மக்கள் பார்த்து, பேசி, தேடி முடிக்கத்தக்க அளவு. வாரம் ஒருமுறை புதியன வரும் என்று தெரிந்ததும் அதற்காகக் காத்திருந்து வருபவர்கள் உருவானார்கள்.

2008 அக்டோபரில் வெளியான திட்ட அறிக்கை தரும் எண்களைச் சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது. அதுவரை ஏற்றிய 4,615 படங்கள் 1 கோடியே 4 லட்சம் முறை பார்க்கப்பட்டிருந்தன. 2,562 பேர் 2,873 படங்களின் கீழ் 7,166 பின்னூட்டங்கள் எழுதியிருந்தார்கள். 2,518 பேர் 67,176 குறிச்சொற்கள் இட்டிருந்தார்கள். தகாதவை என்று நீக்க நேர்ந்தவை 25-க்கும் குறைவு. இந்தப் பின்னூட்டங்களின் அடிப்படையில் 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகள் திருத்தப்பட்டன அல்லது விரிவாக்கப்பட்டன.

பார்வை எண்ணிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். என் பார்வையில் எடை மிகுந்தது அந்தக் கடைசி எண்தான். 4,615-இல் 500 என்பது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். திருத்தப்பட்ட ஒவ்வொரு பதிவுக்கும் சராசரியாகப் பதினான்கு பின்னூட்டங்களும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வைகளும் நிற்கின்றன. அதாவது, பின்னூட்டங்களில் பெரும்பகுதி பாராட்டும் வியப்புமே. அவற்றை இகழ வேண்டியதில்லை, ஏனெனில் பயனுள்ள ஒரு திருத்தத்தை எழுதுபவர் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் வருகிறார். ஆனால் அந்தப் பதினான்கையும் படித்து, அவற்றுள் எது சரிபார்க்கத் தக்கது என்று பிரித்தெடுக்க ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவரின் நேரம்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான விலை.

திருத்தம் நடந்த முறை எளிமையானது, கண்டிப்பானதும்கூட. படத்தில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையையோ வாகன எண் பலகையையோ வைத்து, பழைய நாளிதழ்களின் எண்ணிமக் காப்பகத்தில் தேடி, இது இன்ன ஆண்டு இன்ன ஊரில் நடந்த இன்ன நிகழ்வு என்று ஒருவர் இணைப்போடு எழுதுவார். வேறொருவர் மறுத்து இன்னொரு சான்றைத் தருவார். நூலகத்தின் புகைப்படப் பிரிவு ஊழியர் அவற்றைச் சரிபார்த்து, அடுத்த புதுப்பிப்பில் தலைப்பு மாற்றப்படும் என்று அந்தப் பின்னூட்ட வரிசையிலேயே பதில் எழுதுவார். பிறகு மூலப் பட்டியலில் திருத்தம் ஏறும். திருத்தப்பட்ட பதிவில், தகவலின் மூலம் ஃபிளிக்கர் காமன்ஸ் திட்டம் 2008 என்று வெளிப்படையாகக் குறிக்கப்படும். செய்தி நிறுவனம் கண்ணாடியில் எழுதிய பழைய சொற்களும் அழிக்கப்படுவதில்லை. பிற்கால ஆய்வாளர் ஒருவர், எந்தத் தகவல் எங்கிருந்து எப்போது வந்தது என்று பிரித்தறிய முடியும். பொதுமக்களின் அறிவைச் சேர்த்துக்கொண்டால் பட்டியலின் நம்பகத்தன்மை குலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன். மூலத்தைக் குறிப்பிடும் பழக்கம் நூலகத் தொழிலின் பழைய பழக்கம், அதையே புதிய இடத்திலும் கைவிடாமல் செய்தார்கள்.

குறிச்சொற்களை வேறு விதமாகக் கையாண்டார்கள். 67,176 குறிச்சொற்களில் தனித்தனிச் சொற்கள் 14,472. அவற்றுள் படத்தில் உள்ள பொருளைக் குறிப்பவை இருந்தன, அழகு, வியப்பு போன்ற உணர்வுகளைக் குறிப்பவை இருந்தன, பிற மொழிச் சொற்களும் இருந்தன. நூலகத்தின் வரையறுக்கப்பட்ட பொருள் தலைப்புகளோடு இவற்றைக் கலக்காமல், ஃபிளிக்கரில் தேடுபவருக்கு உதவும் தனி அடுக்காகவே விட்டுவைத்தார்கள். இது சரியான முடிவு என்று நினைக்கிறேன். பொருள் தலைப்பு என்பது பல தொகுப்புகளிலும் ஒரே பொருளை ஒரே சொல்லால் அடைவதற்கானது. குறிச்சொல்லோ ஒருவர் ஒரு கணத்தில் தன் மனத்தில் பட்டதை எழுதுவது. இரண்டும் தேவை, ஆனால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் அமர்ந்தால் இரண்டுமே கெடும்.

சொந்தத் தளமும் நன்மை அடைந்தது. 2008-இன் முதல் ஐந்து மாதங்களில் நூலகத்தின் படப் பட்டியலுக்கான வருகை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. வெளித் தளத்தில் படங்களை வைத்தால் நம் தளத்துக்கு யார் வருவார்கள் என்ற தயக்கம் பல நூலகங்களில் உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் மூலப் பதிவுக்கான இணைப்பு இருக்குமானால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இரண்டாம் முயற்சி: ட்விட்டர்

2010 ஏப்ரல் 14 அன்று, 2006 மார்ச் முதல் எழுதப்பட்ட ட்விட்டர் பொதுப் பதிவுகள் அனைத்தையும் பெறப்போவதாக நூலகம் ட்விட்டரிலேயே அறிவித்தது. ட்விட்டர் நிறுவனம் அவற்றை நன்கொடையாக வழங்கியது. எதிர்காலத்தில் வரும் பதிவுகளும் தொடர்ந்து சேர்க்கப்படும் என்றானது. எண்ணம் பெரியது, மதிக்கத்தக்கதும்கூட. சாதாரண மக்கள் நாள்தோறும் எழுதியவற்றை, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் காப்பது போல ஒரு தேசிய நூலகம் காக்க முன்வந்தது. வரலாற்றாளர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

உடன்பாட்டின் நிபந்தனைகளில் சில நியாயமானவை. எழுதப்பட்டு ஆறு மாதம் ஆன பிறகே பதிவுகளைப் பயன்பாட்டுக்குத் தரலாம், வணிக நோக்கத்துக்குத் தரக்கூடாது, பெரும்பகுதியை எவரும் தரவிறக்கும்படி வைக்கக்கூடாது என்பன அவை. ஆனால் உள்ளே வந்த தரவை எதனால் தேடுவது, யார் அதை வகைப்படுத்துவது, ஆய்வாளர் எந்த அறையில் அமர்ந்து எந்த முகப்பின் வழியாகப் படிப்பது என்ற கேள்விகளுக்கு விடை அமைவதற்குள் ஓட்டம் பெருகத் தொடங்கிவிட்டது. 2011 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 14 கோடியாக இருந்த பதிவுகள், 2012 அக்டோபரில் ஏறத்தாழ 50 கோடியாயின. ஒவ்வொரு பதிவோடும் நேரம், இடம், கணக்கு விவரம் என ஐம்பதுக்கும் மேற்பட்ட தரவுப் புலங்கள் இணைந்து வந்தன.

2013 ஜனவரியில் நூலகம் வெளியிட்ட நிலை அறிக்கை மறைக்காமல் பேசுகிறது. அதுவரை சேர்ந்தவை சுமார் 17,000 கோடி பதிவுகள். இரண்டு நகல்களுமாக 133.2 டெராபைட். ஆய்வாளர்களிடமிருந்து சுமார் 400 விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஆனால் 2006 முதல் 2010 வரையிலான 2,100 கோடிப் பதிவுகளைக் கொண்ட முதல் பகுதியில் மட்டும் ஒரு சொல்லைத் தேடவே 24 மணி நேரம் வரை பிடித்தது. தேடலை விரைவாக்க நூற்றுக்கணக்கான சேவையகங்கள் தேவைப்படும், பொது நிதியில் இயங்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒருவர் தன் ஆய்வில் கேள்வியைத் திருத்தித் திருத்தித்தான் விடையை நெருங்குவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டுமானால், அங்கே ஆய்வு என்பதே நடவாது.

2017 டிசம்பர் இறுதியில் முடிவு அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரி 1 முதல் தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டுமே, தேர்தல் போன்ற நிகழ்வுகளையும் நாட்டளவில் முக்கியமான பொருள்களையும் ஒட்டிச் சேர்ப்பது என்றார்கள். பதிவுகளின் அளவு கூடியது, அவற்றின் நீளம் 280 எழுத்துகளாக உயர்ந்தது, பதிவுகளில் படமும் காணொளியும் பெருகிவிட்ட நிலையில் எழுத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வந்ததால் காப்பகத்தின் மதிப்புக் குறைந்தது ஆகியவற்றை நூலகம் காரணங்களாகக் கூறியது. அதுவரை சேர்ந்த பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகள், நீடித்து நடத்தத்தக்க வகையில் அணுகல் சிக்கல்கள் தீரும்வரை மூடியே இருக்கும் என்றும் தெரிவித்தது.

இடையில் 2015 மார்ச்சில் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் இந்நூலகத்தின் தகவல் தொழில்நுட்ப நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை தந்தது. நிலையான தலைமைத் தகவல் அலுவலர் ஒருவர் நெடுநாள் இல்லாதிருந்தது அதில் சுட்டிக்காட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. ட்விட்டர் தேக்கத்துக்கு இந்தக் குறைகளும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ஆயினும் அதை முழுக் காரணமாகக் கொள்ள நான் தயங்குகிறேன், ஏனெனில் ஃபிளிக்கர் முயற்சியும் அதே நிர்வாகத்தின் கீழ்தான் தழைத்தது.

எங்கே பிரிந்தன

அளவு வேறுபாடு முதலில் கண்ணில் படும். 4,615 எங்கே, 17,000 கோடி எங்கே. ஆனால் அளவு ஒரு விளைவு மட்டுமே. ஃபிளிக்கரில் அளவைத் தீர்மானிக்கும் கைப்பிடி நூலகத்திடம் இருந்தது, வாரத்துக்கு 50 என்று அதுவே முடிவு செய்தது. ட்விட்டரில் அந்தக் கைப்பிடி உலகெங்கும் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் இருந்தது. ஏற்கும் வேகத்தைத் தான் தீர்மானிக்க முடியாத எந்த ஏற்பாட்டிலும் நூலகம் விரைவில் பின்தங்கிவிடும்.

திசையும் எதிரெதிரானது. ஃபிளிக்கரில் நூலகம் தன்னிடம் இருந்ததை, உரிமைச் சிக்கல் இல்லை என்று பார்த்து, வெளியே கொடுத்தது. ட்விட்டரில் பிறர் எழுதியதை உள்ளே எடுத்துக்கொண்டது. உள்ளே எடுப்பதற்குப் பொறுப்பு பல மடங்கு. எழுதியவர் பின்னாளில் நீக்கிவிட்ட பதிவை என்ன செய்வது, ஒரு நூலகத்தில் நிரந்தரமாக வைக்கப்படும் என்று எண்ணாமல் எழுதியவரின் அந்தரங்கத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விகள் அதில் உண்டு. பழைய படங்களிலும் அந்தரங்கக் கேள்வி இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பல பத்தாண்டு இடைவெளியும், படத்துக்குப் படம் முடிவெடுக்கும் வசதியும் இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பும் வழி. ஃபிளிக்கரில் எழுதப்பட்ட ஒரு பின்னூட்டம், ஊழியரின் மேசை வழியாகப் பட்டியல் பதிவுக்குள் வந்து சேர, தொடக்கம் முதலே ஒரு பாதை இருந்தது. அதனால் வாசகர் கொடுத்தது வாசகருக்கே திரும்பியது. ட்விட்டர் தரவு வந்து சேரும் பாதை மட்டும் செம்மையாக அமைந்தது. கொலராடோவில் இருந்த க்னிப் என்ற நிறுவனத்தின் வழியாக, மணி வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒழுங்காக வந்து, நகலெடுக்கப்பட்டு, பாதுகாப்பாக இருந்தது. வெளியே போகும் வழிதான் இல்லை. பாதுகாத்தல் என்ற பணியில் நூலகம் சிறிதும் தவறவில்லை. வாசகருக்குத் தருதல் என்ற மற்றொரு பாதி நின்றுபோனது.

தளம் நிலைக்குமா என்ற கேள்விக்கும் இரண்டு முயற்சிகளும் வெவ்வேறு விடை தருகின்றன. ஃபிளிக்கர் யாஹூவிடமிருந்து 2017-இல் வெரைசனின் கைக்கும், 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. அதே ஆண்டு நவம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பு அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் பலர் கலங்கினார்கள். காமன்ஸ் நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது, 2022-இல் அதைப் பேணவென்றே ஓர் அறக்கட்டளையும் தோன்றியது. ஆனால் விலக்குக் கிடைக்காமலே போயிருந்தாலும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் எதையும் இழந்திராது. மூலக் கோப்பும் மூலப் பதிவும் அதன் சொந்தத் தளத்தில் இருந்தன, திருத்தங்களும் அங்கே ஏறியிருந்தன. ஃபிளிக்கரில் இருந்தது நகல் மட்டுமே. ட்விட்டரோ 2023-இல் தரவைப் பெறுவதற்கான இலவச வழியை மூடி, பெயரையும் எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அதை நம்பியிருந்த ஆய்வாளர் பலரின் பணி தடைப்பட்டது. இன்று பார்க்கும்போது, நூலகத்தில் மூடிக் கிடக்கும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகளின் அருமை கூடியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது என்றேனும் திறக்கப்படுமானால், இந்த ஆய்வில் நான் கூறும் சில முடிவுகளை மறுபடி எழுத வேண்டிவரும், அதற்கு நான் மகிழவே செய்வேன்.

பின்னர் நடந்தது

2018 அக்டோபரில் இதே நூலகம் ‘பை தி பீப்பிள்’ என்ற படியெடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கையெழுத்துப் பிரதிகளின் படத்தைத் திரையில் பார்த்து, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை வேறொருவர் சரிபார்த்த பின்பே அது முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. முடிந்த படிகள் நூலகத்தின் முதன்மைத் தளத்தில் மூலப் படத்தோடு சேர்க்கப்பட்டு, சொல்லால் தேடத்தக்கவையாகின்றன. கண்பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பான் மூலம் அந்தக் கடிதங்களைக் கேட்க முடிகிறது. இதற்கான மென்பொருளை நூலகமே உருவாக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. ஃபிளிக்கரில் அதற்குப் பத்தாண்டுக்கு முன் வெற்றிபெற்ற அதே அமைப்பை இதில் காண்கிறேன்: அளவோடு பிரித்துத் தரப்பட்ட வேலை, சரிபார்க்கும் இரண்டாவது கண், மூலத்துக்குத் திரும்பும் பாதை.

சிறிய நூலகங்களுக்கு

இவ்வளவு பெரிய நிறுவனத்தின் அனுபவம், ஐந்தாறு பேர் பணியாற்றும் நூலகத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பெரும்பகுதி பொருந்தும். 500 பதிவுகளைத் திருத்த ஏறத்தாழ ஒன்பது மாதமாயிற்று என்றால், 50 படங்களையும் ஐந்து திருத்தங்களையும் கொண்ட முயற்சியும் அதே இயல்புடையதுதான்.

தொடங்கும் முன் முடிவுசெய்ய வேண்டியவற்றுள் முதலிடத்தில் இருப்பது ஊழியர் நேரம். சமூக ஊடகக் கணக்கை இளைய ஊழியர் ஒருவரிடம், அவருடைய மற்ற வேலைகளுக்கு மேலாக ஒப்படைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அவர் இடம் மாறியதும் கணக்கு உறங்கிவிடும், கடவுச்சொல்கூட யாரிடமும் இருக்காது. பதில் எழுதுவதை, வாசகர் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் நோக்கீட்டுச் சேவையின் ஒரு பகுதியாக ஏற்று, நோக்கீட்டு மேசைக்கு நேரம் ஒதுக்குவதுபோல வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரங்களை அதற்கு ஒதுக்கி, பணிப்பட்டியலில் எழுதிவைக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் கேள்விக்கும் பின்னூட்டத்தில் வரும் கேள்விக்கும் ஒரே தரத்தில் விடை தரப்பட வேண்டும். ஒதுக்க நேரமில்லை என்றால், கணக்கைத் தொடங்காமலிருப்பதே வாசகருக்குச் செய்யும் மரியாதை. கேட்டும் பதில் கிடைக்காத ஒருவர், அந்த நூலகத்தின் கதவு மூடியிருப்பதாகவே கருதுவார்.

எதைக் கொடுப்பது என்பதில், நூலகத்திடம் மட்டுமே உள்ளதைத் தேடிப் பார்ப்பது நல்லது. புது நூல் வரவு, விடுமுறை அறிவிப்பு ஆகியவற்றை வெளியிடுவதில் தவறில்லை, அவை தேவையானவை. ஆனால் அவற்றுக்கு மறுமொழியாக எவரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. விவரம் அறியப்படாத ஒரு படம், கையெழுத்துப் புரியாத ஒரு பதிவேட்டுப் பக்கம், யார் நன்கொடையாகத் தந்தார் என்று தெரியாத ஒரு நூல் தொகுப்பு ஆகியவை மக்களிடம் ஒன்றைக் கேட்கின்றன. அயர்லாந்தின் தேசிய நூலகம் ஃபிளிக்கர் காமன்ஸில் பழைய படங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டு, அவற்றின் இடத்தையும் காலத்தையும் கண்டுபிடிக்கும்படி மக்களிடம் கேட்டு வருவதும் இந்த முறையைச் சார்ந்ததே. வெளியிடும் முன் உரிமையைச் சரிபார்ப்பதும், படத்தில் உள்ளவர் அல்லது அவர் குடும்பத்தார் மறுத்தால் நீக்குவதற்கான விதியை எழுதி வைப்பதும் கட்டாயம்.

தகாத பின்னூட்டங்களைப் பற்றிய அச்சம் மேலதிகாரிகளிடம் பெரிதாக இருக்கும். 7,166 பின்னூட்டங்களும் 67,176 குறிச்சொற்களும் வந்த இடத்தில் 25-க்கும் குறைவானவற்றையே நீக்க நேர்ந்தது என்ற விவரத்தை அவர்கள் முன் வைக்கலாம். அது 2008-ஆம் ஆண்டின் இணையம், இன்றைய தளங்களில் அதே அமைதியை எதிர்பார்க்க முடியாது என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே நீக்குவதற்கான வரையறை எழுத்தில் இருக்க வேண்டும், அது கணக்கின் முகப்பிலேயே எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும், ஊழியரின் மனப்போக்குக்கு விடப்படக்கூடாது.

கடைசியாக, பட்டியல் மென்பொருள். பல நூலகங்களில் இந்த முயற்சி இங்கேதான் முட்டி நிற்கும். வாசகர் தந்த தகவலை ஏற்றும் குறிப்புப் புலம், அதன் மூலத்தையும் நாளையும் எழுதும் இடம், வெளித்தளத்தில் உள்ள படத்துக்கான இணைப்பு ஆகிய மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். பட்டியல் பதிவுகளைக் கணினியில் எழுதுவதற்கான பொதுத் தரமான மார்க் வடிவத்தைப் பின்பற்றும் எந்த அமைப்பிலும் இதற்கான குறிப்புப் புலங்களும் இணைப்புக்கான 856-ஆம் புலமும் உள்ளன. நியூசிலாந்தில் ஒரு சிறு நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா போன்ற திறந்த மூல நூலக மென்பொருளிலும் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வணிக மென்பொருளைப் பயன்படுத்துவோர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, அந்தப் புலங்கள் வாசகர் பார்க்கும் திரையில் தெரிகின்றனவா என்று கேட்டு, ஒரு மாதிரிப் பதிவைத் திருத்திக் காட்டச் சொல்ல வேண்டும். சமூக ஊடகக் கணக்கைத் திறப்பது அதற்கு அடுத்த வேலை.